மருத்துவமனைப் படுக்கை பறிக்கும் கால்வலு: மூத்தோரின் நடமாட்டத்தைக் காப்பது எப்படி?

எந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தாரோ அந்த நோய் குணமாகிவிடும். ஆனால் சேர்ந்த நாளில் இருந்த நடமாட்டம் வீடு திரும்பும்போது இருக்காது. வயதானவர்கள் பலருக்கு இப்படித்தான் நடக்கிறது. நிமோனியாவுக்காகச் சேர்ந்த ஒருவருக்குக் காய்ச்சல் தணிந்து, எட்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். கட்டிலை விட்டு எழவோ இரண்டு பேர் தாங்க வேண்டியிருக்கிறது. "நோய் ஆளை உருக்கிவிட்டது" என்று குடும்பத்தார் சொல்லிக்கொள்வார்கள். நோயும் உருக்கியது, உண்மைதான். எட்டு நாள் படுத்தே கிடந்ததும் சேர்ந்து உருக்கியது. நோயை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். படுக்கையால் வரும் இழப்பைத் தடுப்பதில் குடும்பத்தாருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இது எவ்வளவு பரவலானது? 70 வயதைத் தாண்டிய நோயாளிகளைக் கவனித்து 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 35 விழுக்காட்டினர் நோய் வருவதற்கு முன்பிருந்த நிலையைவிடக் குறைந்த நிலையில்தான் வீடு திரும்பினார்கள். அதாவது குளிப்பது, உடை மாற்றுவது, உண்பது, கழிப்பறைக்குப் போவது போன்ற அடிப்படைச் செயல்களில் ஒன்றையாவது தாமே செய்ய முடியாமல் போயிற்று. அப்படி இழந்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தால் பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் பத்தில் மூவர்தான். சிங்கப்பூரில் இந்தச் செயல்களுக்கு இன்னொரு கனமும் உண்டு. குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறைக்குச் செல்லல், நடமாடல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவரையே கேர்ஷீல்டு லைஃப் என்னும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம் கடுமையான உடற்குறை உள்ளவராகக் கணக்கிடுகிறது. அந்த மூன்று செயல்களும் ஒரே மருத்துவமனை வாசத்தில் போய்விடக்கூடும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

தசை என்பது வேலை கொடுத்தால் மட்டுமே தங்கும். நிற்பதும் நடப்பதும் நின்றுவிட்டால் தொடைத் தசையும் பின்புறத் தசையும் முதலில் கரையும், ஏனென்றால் உடல் எடையைத் தூக்கும் வேலை அவற்றுடையது. 2007இல் வெளியான ஒரு பரிசோதனையில், எந்த நோயும் இல்லாத, சராசரி 67 வயதான பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையில் இருக்க வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிற்று. முழங்காலை நீட்டும் வலு 16 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. நோய் இல்லாத உடம்புக்கே இந்தக் கதி. காய்ச்சலும் கிருமித்தொற்றும் சேர்ந்தால் உடல் தன் தசையையே உடைத்து எரிபொருளாக்கும், பசியும் இருக்காது. கரைவது இன்னும் வேகமெடுக்கும்.

இளைஞர்களும் தப்புவதில்லை. 1966இல் டல்லாஸ் நகரில் இருபது வயதுடைய ஐந்து ஆண்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, அந்த முப்பது ஆண்டு முதுமை அவர்கள் உடல்திறனில் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது.

தசையோடு ரத்த ஓட்டமும் மாறுகிறது. படுத்தே இருந்தால் ரத்தத்தின் நீரளவு முதல் சில நாளிலேயே குறையும். எழுந்து நின்றால் ரத்தம் கால்களுக்கு இறங்கும்போது உடல் அதைச் சமாளிக்கும் திறனும் மந்தப்படும். அதனால்தான் நான்கைந்து நாள் கழித்து எழுப்பினால் தலை சுற்றுகிறது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால், நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று பொருள். தலை சுற்றுவதால் மறுபடி படுக்க வைக்கிறார்கள், படுப்பதால் சுற்றல் இன்னும் கூடுகிறது.

புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான கருத்து ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழக் குறிப்பிட்ட அளவு கால்வலு கட்டாயம் வேண்டும். அதைவிட ஒரு பிடி குறைந்தாலும் எழ முடியாது. நாற்பது வயதில் அந்த அளவைப்போல் இரு மடங்கு, மூன்று மடங்கு வலு கையிருப்பில் இருக்கும். எண்பது வயதில் பலர் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே மட்டும் நிற்கிறார்கள். வீட்டில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது, நடப்பார், சந்தைக்கும் போவார். 16 விழுக்காடு வலு போனதும் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார். வெளியே பார்ப்பவருக்கு ஒரே வாரத்தில் ஆள் மாறிவிட்டதாகத் தோன்றும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதை உடல்நலத்தோடு இருக்கும்போதே பார்த்துவிடலாம். சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரச் சொல்லி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைவலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவு. கையூன்றாமல் எழவே முடியாதவர், மருத்துவமனையில் சேர்ந்தால் எளிதில் படுக்கையோடு ஒடுங்கிவிடக்கூடியவர்.

வார்டில் ஏன் படுத்தே இருக்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் படுக்கச் சொல்வதில்லை. 2009இல் வந்த ஓர் ஆய்வில், சேர்வதற்கு முன் நடக்கக்கூடியவர்களாக இருந்த மூத்த நோயாளிகள் வார்டில் 83 விழுக்காடு நேரத்தைப் படுத்தே கழித்தார்கள். ஒரு நாளில் நின்றதும் நடந்ததும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. காரணங்கள் ஒவ்வொன்றும் சிறியவை. கையில் டிரிப்ஸ், மூக்கில் ஆக்ஸிஜன், சிறுநீர்க் குழாய். கட்டிலின் இருபுறமும் தடுப்பு. போட்டுக்கொள்ளச் செருப்பு இல்லை. பின்னால் திறந்திருக்கும் மருத்துவமனை உடையில் வெளியே நடக்கக் கூச்சம். கண்ணாடி வீட்டில் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது, அதன்மேல் பைகள் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, விழுந்துவிடுவாரோ என்ற பயம். "விழும் அபாயம்" என்ற குறி மாட்டிய பெரியவரைத் தனியாக எழவிட மாட்டார்கள், அது சரியான முடிவுதான். தனியாக எழக் கூடாது என்பது, நாளடைவில் எழவே கூடாது என்று ஆகிவிடுவதுதான் பிரச்சினை. படுக்கையில் வைத்திருப்பதால் விழுவது நிற்பதில்லை, தள்ளிப்போகிறது. ஐந்து நாள் படுத்துக் கால் தளர்ந்தவர், விடியற்காலை மூன்று மணிக்குச் சிறுநீர் முட்ட, யாரையும் கூப்பிடாமல் தடுப்பைத் தாண்டி இறங்கும்போது விழுகிறார். பகலில் துணையோடு இரண்டு மூன்று முறை நடந்திருந்தால் அந்தக் கால் அவரைத் தாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

நம் வீட்டு அன்புக்கும் இதில் பங்கு இருக்கிறது. "நீங்க எழுந்திரிக்காதீங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்று மகள் சொல்கிறார். பணிப்பெண் சோற்றை ஊட்டிவிடுகிறார். பாட்டி தானே முகம் துடைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும் என்பதால் நாமே துடைத்துவிடுகிறோம். கையும் காலும் செய்யக்கூடிய வேலையை நாம் செய்யும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு பயிற்சியை இழக்கிறார். உதவ வேண்டியது அவரால் முடியாத பகுதிக்கு மட்டும். சட்டைப் பொத்தானைப் போட முடியாவிட்டால் பொத்தானை மட்டும் நாம் போடலாம், கையை நுழைப்பது அவர் வேலை.

முதல் நாளில் சொல்ல வேண்டியவை

அவசரப் பிரிவில் முதல்முறை பார்க்கும் மருத்துவருக்கு, எதிரில் சோர்ந்து கிடப்பவர் முந்தாநாள் வரை எப்படி இருந்தார் என்பது தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால், எப்போதும் படுக்கையில் இருப்பவர் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு, அதற்கேற்பத்தான் இலக்கும் வைப்பார்கள். "நடப்பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எவ்வளவு தூரம், எதைப் பிடித்துக்கொண்டு, யார் துணையோடு என்று சொல்லுங்கள். "இரண்டு வாரத்துக்கு முன்புவரை கைத்தடியோடு தனியாக புளோக்குக்குக் கீழே போய் வருவார். தானே குளிப்பார், குளியலறைப் படியில் மட்டும் கைபிடிக்க வேண்டும். இரவில் ஒருமுறை எழுந்து கழிப்பறைக்குப் போவார். டயப்பர் கட்டுவதில்லை. காது இடது பக்கம் மந்தம். சில நாளாக மறதி கூடியிருக்கிறது." இவ்வளவுதான், ஒரு நிமிடப் பேச்சு. வார்டுக்கு மாற்றியதும் அங்குள்ள தாதியிடமும் இதையே சொல்லுங்கள். முன்பு அவர் நடந்ததைக் கைபேசியில் எடுத்த காணொளி இருந்தால் காட்டுங்கள்.

பிறகு தினமும் கேட்க வேண்டிய கேள்விகள்: இன்று எழுந்து உட்காரலாமா? நாற்காலிக்கு மாறலாமா? நடக்கலாமா, எத்தனை பேர் துணையோடு? பிசியோதெரபிஸ்ட் பார்த்தாரா? டிரிப்ஸ், சிறுநீர்க் குழாய் இன்றும் தேவையா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். சிறுநீர்க் குழாய் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயத்தைக் கூட்டும், ஆளைக் கட்டிலோடு பிணைத்தும் வைக்கும். தேவை முடிந்த பின்னும் யாரும் கேட்காததாலேயே சில நாள் தங்கிவிடுவது உண்டு.

எழுப்பக் கூடாத நேரங்களும் உண்டு. நெஞ்சு வலி, புதிதாகக் கூடும் மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் நிலைப்படாத நிலை, இன்னும் சரிசெய்யாத இடுப்பு அல்லது முதுகெலும்பு முறிவு, மருத்துவர் படுக்கை ஓய்வு என்று எழுதியிருப்பது ஆகியவை அவற்றில் சில. ஆகவே முதல்முறை எழுப்புவது எப்போதும் தாதியர் அல்லது பிசியோவின் முன்னிலையில்தான். ஆனால் அறுவைச் சிகிச்சை நடந்தது என்பதாலேயே படுத்திருக்க வேண்டியதில்லை. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை முடிந்தவரை மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் இன்றைய நடைமுறை.

வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டியவை: குதிகாலை மூடும், ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி (நழுவும் சிலிப்பர் வேண்டாம்), அவருடைய கைத்தடி அல்லது வாக்கர், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவியும் பேட்டரியும், பெயர் எழுதிய டப்பாவில் பல்செட். சாப்பாட்டுத் தட்டில் டிஷ்யூவில் சுற்றி வைத்த பல்செட் குப்பைக்குப் போய்விடும். பிறகு வாரக்கணக்கில் கஞ்சிதான் என்றாகிவிடும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

சரியாகச் செய்தால் இது பாதுகாப்பானது, அவசரப்பட்டால் ஆபத்து. முதலில் கட்டிலின் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் பதியும் உயரத்துக்குக் கட்டிலை இறக்குங்கள். டிரிப்ஸ் குழாயும் ஆக்ஸிஜன் குழாயும் போகும் பக்கம் நீளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில், கட்டிலுக்கு ஒட்டி, சற்றுக் கோணமாகப் போடுங்கள். காலணியை மாட்டிவிட்டே எழுப்புங்கள்.

தலைப்பக்கத்தை உயர்த்தி ஒரு நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் கணுக்காலை மேலும் கீழும் இருபது முறை ஆட்டச் சொன்னால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். பிறகு ஒருக்களித்து, கால்களைத் தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்து கட்டிலோரத்தில் உட்காரட்டும். இங்கே ஒன்றிரண்டு நிமிடம் கட்டாயம் பொறுங்கள். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று கேளுங்கள். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ திரும்பப் படுக்க வைத்துத் தாதியைக் கூப்பிடுங்கள்.

எழும்போது பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும் அளவுக்கு முன்னால் குனிந்து, இரு கைகளாலும் மெத்தையைத் தள்ளி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுவதுதான் பலரும் செய்யும் தவறு. வாக்கர் சாய்ந்து அவர்மேலேயே விழும். எழுந்த பின்தான் கை வாக்கருக்குப் போக வேண்டும். நின்று பத்து எண்ணட்டும், நின்ற இடத்திலேயே நான்கு முறை கால் தூக்கி வைக்கட்டும், பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பட்டும். நாற்காலியின் விளிம்பு இரு கால்களின் பின்புறமும் பட்ட பிறகே, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து உட்கார வேண்டும். துணை நிற்பவர் பலவீனமான பக்கத்தில், அரையடி பின்னால் நிற்க வேண்டும். ஒரு கை இடுப்பில், இன்னொன்று தோளின் முன்புறம். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. முதியவர் தோள்மூட்டு அதைத் தாங்காது, பக்கவாதம் வந்த பக்கமாக இருந்தால் மூட்டே விலகிவிடும்.

முதல் நாள் இருபது, முப்பது நிமிடம் உட்கார்ந்தால் போதும். அடுத்தடுத்த நாளில் மூன்று வேளைச் சாப்பாடும் நாற்காலியில் என்று ஆக்கிவிடுங்கள், அதுவே ஒரு நல்ல அட்டவணை. நேராக உட்கார்ந்து உண்டு, உண்ட பின்னும் அரைமணி உட்கார்ந்திருந்தால் உணவு நுரையீரல் பக்கம் போகும் அபாயமும் குறையும். ஒரே இருப்பில் மணிக்கணக்காக விட்டுவிடாதீர்கள். கால்மணிக்கு ஒருமுறை கையூன்றிப் பின்புறத்தைச் சற்றுத் தூக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வால் எலும்புப் பகுதியில் புண் வரும். கட்டிலில் இருக்கும்போது தானே புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவதும், குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பயிற்சி என்று தனியாக வேண்டுமானால், உட்கார்ந்து எழுவதைவிடச் சிறந்தது இல்லை. ஒரு தடவைக்கு ஐந்து முறை, நாளைக்கு மூன்று தடவை. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு முழங்காலையும் நீட்டி ஐந்து எண்ணி இறக்குவது பத்து முறை. படுத்தபடி முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது ஐந்து முறை. மூச்சை அடக்காமல் எண்ணிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். 87 வயதில் இதெல்லாம் எங்கே முடியும் என்று தோன்றும். ஸ்பெயினின் பம்ப்லோனா நகர மருத்துவமனையில் 370 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் சராசரி வயதே 87தான். காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம் என வலுப் பயிற்சியும் நடையும் செய்தவர்கள் சேர்ந்தபோது இருந்ததைவிடச் சற்று மேம்பட்ட நிலையில் வீடு திரும்பினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் செயல்திறனை இழந்திருந்தார்கள்.

வலி இருந்தால் யாரும் நடக்க மாட்டார்கள். "வலிக்குது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று மூன்று நாள் போகும். நடக்க வைப்பதற்கு அரைமணி, முக்கால் மணி முன்னதாக வலி மாத்திரை கொடுக்க முடியுமா என்று தாதியைக் கேளுங்கள்.

டயப்பர் விஷயம்

இதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வீட்டில் கழிப்பறைக்குப் போய்வந்தவருக்கு வார்டில் டயப்பர் கட்டுவது ஒரு பெரிய திருப்பம். கழிப்பறைக்குப் போவது ஒரு நாளில் ஆறேழு முறை நடக்கும் இயல்பான நடைப்பயிற்சி. டயப்பர் அந்த ஆறேழு நடையையும் ஒரேயடியாக நிறுத்துகிறது. "அதிலேயே போங்க, மாத்திக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, அடக்கும் பழக்கமும், சிறுநீர் முட்டுகிறது என்று சொல்லும் பழக்கமும் போய்விடுகின்றன. ஈரத்தால் தோல் ஊறிப் புண்ணாகிறது. தண்ணீர் குடித்தால் நனையும் என்று சில பாட்டிமார் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள், அதனால் மலச்சிக்கல், அதனால் மீண்டும் சிறுநீர்த் தடை.

மாற்று வழி இருக்கிறது. கட்டிலருகே கமோட் நாற்காலி கேளுங்கள், சில அடி நடக்க முடிந்தால் சக்கரமுள்ள கமோடில் கழிப்பறை வரை போய், கடைசி நான்கடி நடந்து உட்காரட்டும். ஆண்களுக்குக் குடுவை இருந்தாலும் நின்று பயன்படுத்த முடிந்தால் நின்றே பயன்படுத்தட்டும். கேட்கும்வரை காத்திருக்காமல் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, சாப்பிட்ட பின், தூங்கப் போகும் முன் என்று நேரம் வைத்துக் கூட்டிப்போங்கள். இரவில் மட்டும் பாதுகாப்புக்காக டயப்பர் வேண்டுமானால் சரி, காலையில் கழற்றிவிட வேண்டும். தாதியர் பற்றாக்குறை நேரத்தில் கூப்பிட்டதும் வர முடியாமல் போகலாம் என்பது உண்மை. குடும்பத்தார் ஒருவர் பக்கத்தில் இருக்கும் நேரத்திலாவது டயப்பரைச் சாராமல் இருக்க முயலலாம்.

தட்டில் என்ன இருக்கிறது?

நோயுற்ற மூத்தோருக்குப் புரதம் நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 60 முதல் 75 கிராம். வெறும் அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணத்தில் மூன்று நான்கு கிராம்கூடத் தேறுவது கடினம். காய்ச்சலென்றால் கஞ்சி, ரொட்டி, மைலோ என்று ஒரு வாரம் ஓட்டினால் தசை கரைவதை யாரும் நிறுத்த முடியாது. ஒரு முட்டையில் 6 கிராம், 250 மில்லி பாலில் 8 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20 கிராம், கெட்டியான தாவ் குவா (சோயாக் கட்டி) 100 கிராமில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. சைவ உணவுக்காரருக்கு வார்டு உணவில் இது தவறிவிடும் வாய்ப்பு அதிகம். பருப்பைக் கெட்டியாகக் கடைந்து, தயிர், பால், தாவ் குவா என்று வேளாவேளைக்குச் சேர்க்க வேண்டும். கஞ்சியிலேயே முட்டையோ மசித்த மீனோ கலந்தால் அளவு கூடாமலே சத்துக் கூடும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவதற்கு முன் உணவியல் நிபுணரிடமோ தாதியிடமோ கேட்டுவிடுங்கள்.

ஸ்கேனுக்காக "எதுவும் சாப்பிடக் கூடாது" என்று பலகை மாட்டியிருந்தால், அது எத்தனை மணிவரை என்று கேளுங்கள். பரிசோதனை தள்ளிப்போய், பலகை மட்டும் மாலைவரை தொங்குவது நடக்கக்கூடியது.

திடீர்க் குழப்பம்

டிலிரியம் என்று மருத்துவர்கள் சொல்லும் திடீர்க் குழப்பம் வந்தால் நடமாட்டம் அதோடு நின்றுவிடும். இரவில் கத்துவது, டிரிப்ஸைப் பிடுங்குவது என்று வந்தால் எல்லாரும் கவனிப்பார்கள். ஆனால் இன்னொரு வகை உண்டு: பேச்சுக் குறைந்து, கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொல்லி, நாளெல்லாம் தூங்கிக்கொண்டே இருப்பார். "பாவம், அசதி" என்று விட்டுவிடுவோம். நேற்று போல் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அந்த மணி நேரத்திலேயே தாதியிடம் சொல்லுங்கள். அவரை நீண்ட நாளாக அறிந்தவர் நீங்கள்தான். காரணம் மலச்சிக்கலாக இருக்கலாம், சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், தூக்க மாத்திரையோ சளி மாத்திரையோகூடக் காரணமாகலாம்.

தடுக்கும் வழிகள் எளியவை. 1999இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வில், 70 வயதைத் தாண்டிய 852 பேரில் ஒரு பகுதியினருக்குக் கண்ணாடி, காதுக்கருவி, போதிய தண்ணீர், நல்ல தூக்கம், தினசரி நடை, நாள்–இடம் நினைவூட்டல் ஆகியவற்றை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்குக் குழப்பம் வந்தது, இவர்களில் 9.9 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது.

தமிழ் மட்டும் பேசும் பெரியவருக்கு இங்கே கூடுதல் சுமை ஒன்று இருக்கிறது. சுற்றிலும் ஆங்கிலம், மாண்டரின், மலாய், தகாலோக். வார்டில் தமிழ் தெரிந்த தாதி இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. புரியாத பேச்சுக்கு நடுவில் நாளெல்லாம் படுத்திருப்பவர் தன்னிலை இழப்பது எளிது. ஓர் அட்டையில் "வலி", "தண்ணீர்", "ஒண்ணுக்கு", "எழுந்திரிங்க", "மெதுவா", "தலை சுத்துதா" என்ற சொற்களின் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி, எதிரே ஆங்கிலப் பொருளையும் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். தாதியர் இதை மகிழ்ச்சியோடு பயன்படுத்துவார்கள். அவருக்குத் தெரியும்படி தேதிக் காலண்டர் ஒன்றும் வையுங்கள்.

பார்க்கப் போகும் நேரம்

மாலையில் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கட்டிலைச் சுற்றி நின்று பேசிவிட்டு வருவதைவிட, மூன்று பேர் மூன்று வேளையாகப் பிரிந்து போவது பெரியவருக்கு நல்லது. வருகை நேரம் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், பராமரிப்பவர் ஒருவருக்குக் கூடுதல் நேரம் தருவார்களா என்று கேளுங்கள். ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு நாற்காலியில் உட்கார வைக்கட்டும், ஒருவர் நான்கு மணிக்கு நடக்கத் துணை நிற்கட்டும், ஒருவர் இரவு கழிப்பறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைக்கட்டும். எதுவரை நடந்தார் என்பதைக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள். நேற்று கழிப்பறைக் கதவு வரை, இன்று தாதியர் மேசை வரை. முன்னேற்றம் நின்றால் உடனே தெரியும். அப்போது பிசியோவிடம் கேட்கலாம்.

வீடு திரும்பும் ஏற்பாடு

இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளிலேயே மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்: இப்போதிருக்கும் நிலையில் வீட்டுக்குப் போக முடியுமா, சமூக மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? அங் மோ கியோ – தை ஹுவா குவான், செயின்ட் லூக்ஸ், ரென் சி, ஊட்ரம் சமூக மருத்துவமனை போன்றவை, நோய் அடங்கிய பின் மறுவாழ்வுப் பயிற்சி தருபவை. பொது மருத்துவமனைக் குழுவே பரிந்துரைத்து அனுப்பும். அங்கே போவதைத் தண்டனையாகவோ குடும்பம் கைவிட்டதாகவோ பெரியவர் எண்ணிவிடக் கூடாது. "நடக்கப் பழகிட்டு வீட்டுக்கு வரலாம்பா" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சில நோய்களுக்கு எம்ஐசி அட் ஹோம் திட்டத்தில் வீட்டிலேயே மருத்துவமனைக் கவனிப்புப் பெறலாம். சொந்தக் கட்டில், சொந்தக் கழிப்பறை என்பதால் சிலர் அங்கே கூடுதலாக நடமாடுவார்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது குளியலறை. பழைய வீடுகளில் வாசலில் ஒரு படி உயரம் இருக்கும், தரை வழுக்கும். வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத் தரைப் பூச்சு, சாய்தளம் ஆகியவற்றுக்குப் பெரும் மானியம் உண்டு. பொருத்த நாள் பிடிக்கும், ஆகவே பெரியவர் வார்டில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். சக்கர நாற்காலி, கமோட் போன்றவற்றுக்கு மூத்தோருக்கான உதவிநிதி கிடைக்குமா என்பதை மருத்துவச் சமூகப் பணியாளரிடமோ ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடமோ கேட்கலாம். பராமரிக்கப் போகிறவர் பணிப்பெண் என்றால், வார்டில் பிசியோ கற்றுத்தரும் நாளில் அவரே நேரில் இருக்க வேண்டும். நீங்கள் கற்றுக்கொண்டு அவருக்குச் சொல்வதில் பாதி விட்டுப்போகும். "அவர் செய்யக்கூடியதை நீங்கள் செய்ய வேண்டாம்" என்பதை உங்கள் வாயால் அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், உட்கார வைத்து ஊட்டிவிடுவதுதான் தன் கடமை என்று அவர் நினைப்பார்.

வீடு வந்த முதல் இரண்டு வாரம் நாற்காலியில் எழுந்து உட்காரும் ஐந்து முறை, மூன்று தடவை பயிற்சியை அப்படியே தொடருங்கள். நடை வீட்டுக்குள், பிறகு வீட்டு வாசல் தாழ்வாரம், பிறகு லிஃப்ட் வரை. இரண்டு வாரம் ஆகியும் சேர்வதற்கு முன் செய்த ஏதாவது ஒரு செயல் திரும்பவில்லை என்றால், அடுத்த மருத்துவமனைச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ போய் அந்தச் செயலின் பெயரைச் சொல்லி, பகல்நேர மறுவாழ்வு நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.